எல்லாவற்றுக்கும் 'நிறுத்து' என்றே பொருள் போடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போட்டித் தேர்வுப் பக்கத்தில் வெளியான ஃபிரேசல் வெர்ப் (வினைச்சொல்லோடு ஓரிரு சிறு சொற்கள் சேர்ந்து தனிப்பொருள் தரும் ஆங்கிலத் தொடர்) பட்டியலில் 'கிவ் அப்', 'கால் ஆஃப்', 'கட் அவுட்', 'லே ஆஃப்' ஆகிய நான்குக்கும் எதிரே 'நிறுத்து' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி இந்த நான்கையுமே விடைகளாகக் கொடுத்தால், பட்டியலை மனப்பாடம் செய்தவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

பழக்கத்தையோ முயற்சியையோ கைவிடுவது 'கிவ் அப்'. 'ஹி கேவ் அப் ஸ்மோக்கிங்' என்பதே சரி. 'டு ஸ்மோக்' என்று எழுதினால் தவறு. 'ஸ்டாப்' இரண்டையும் ஏற்கும், ஆனால் பொருள் தலைகீழாகிவிடும். 'ஸ்டாப்டு ஸ்மோக்கிங்' என்றால் புகைப்பதை நிறுத்தினார். 'ஸ்டாப்டு டு ஸ்மோக்' என்றால் புகைக்க நின்றார். 'புகைப்பதை' என்று வந்தால் 'இங்', 'புகைக்க' என்று வந்தால் 'டு' என மாணவர்கள் தமிழை வைத்தே சரிபார்க்கலாம்.

'கட் அவுட்' என்றதும் நம் ஊரில் தெருவோரத்து நடிகர்தான் நினைவுக்கு வருவார். உணவு விஷயத்தில் அதற்கு அறவே நீக்குவது என்று பொருள். 'கட் டவுன் ஆன்' என்றால் குறைத்தால் போதும். மருத்துவர் உப்பைப் பற்றி இதில் எதைச் சொன்னார் என்பது சமையலறை வரை போகிற வேறுபாடு. அதேபோல 'கால் ஆஃப்' செய்த ஆட்டம் ரத்து. 'புட் ஆஃப்' செய்த ஆட்டம் இன்னொரு நாள் நடக்கும்.

பட்டியலில் அறவே இல்லாதது 'இட்' எங்கே வரும் என்பது. தேர்வில் அதிகம் சறுக்குவதும் அங்கேதான். 'கால் ஆஃப் தி மேட்ச்', 'கால் தி மேட்ச் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் 'இட்' வந்தால் நடுவில்தான்: 'கால் இட் ஆஃப்', 'கிவ் இட் அப்'. மூன்று சொல் கொண்டவற்றைப் பொதுவாக இப்படிப் பிரிக்க முடியாது. 'கட் டவுன் ஆன் இட்', 'பேக் அவுட் ஆவ் இட்' (ஒப்புக்கொண்டதிலிருந்து பின்வாங்குவது) என்று கடைசியில்தான் வரும். 'டிராப் அவுட்' செய்பவர் படிப்பையோ போட்டியையோ பாதியில் விட்டவர். 'ஷி டிராப்டு அவுட் ஆவ் காலேஜ்' என்பதில் அந்த 'ஆவ்' விடுபடக் கூடாது. அதற்கு எழுத்தில் ஒரே ஒரு 'எஃப்'.

'லே ஆஃப்' செய்வது முதலாளி. தொழிலாளி தானாக வேலையை விட்டால் 'குவிட்'. இன்னொரு சிக்கலும் உண்டு. 2025 வரை நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 'லே ஆஃப்' என்பது, மின்சாரமோ மூலப்பொருளோ இல்லாமல், அல்லது இயந்திரம் பழுதாகி, தற்காலிகமாக வேலை தர இயலாத நிலை. தொழிலாளியின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும். ஆட்குறைப்புக்கு அச்சட்டத்தில் 'ரெட்ரென்ச்மென்ட்' என்று தனிச்சொல் இருந்தது. மென்பொருள் நிறுவனச் செய்திகளில் வரும் 'லே ஆஃப்' பெரும்பாலும் நிரந்தர வேலை இழப்பு. செய்திப் பக்கத்திலும் இதைப் பிரித்து எழுதினால் நல்லது.

'ஸ்டெப் டவுன்' பெரிய பதவியிலிருந்து விலகுவோருக்கு. 'நாக் இட் ஆஃப்' என்பது 'போதும், நிறுத்து!' என்ற அதட்டல். அதிகாரியிடம் சொல்லிவிடக் கூடாது.

அடுத்த பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியமும், 'இட்' வைத்து இன்னொன்றும் அச்சிடுங்கள். இடம் போதாவிட்டால் சொற்களைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆங்கில ஆசிரியர்,
தஞ்சாவூர்