ரேஸ்கோர்ஸ் வேலிக்கு வெளியே

அன்புள்ள மகனுக்கு,

டோஹாவிலிருந்து நீ அனுப்பிய குதிரைப் படம் கிடைத்தது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிள்ளை மாதிரி நிற்கிறது. "நுவரெலியாவில ஜெயிச்ச குதிரையும் இப்படித்தான் இருந்துச்சாப்பா?" என்று கேட்டிருந்தாய். சரி, இனி மறைத்து என்ன? ஜெயித்த குதிரையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சின்ன வயதில் உனக்குச் சொன்ன கதைகளில் பாதி நானே கட்டியது.

நம் மலைநாட்டு நுவரெலியா ரேஸ்கோர்ஸில் பார்வையாளர் ஸ்டாண்டும் முடிவுக் கோடும் ஒரு பக்கம். அங்கே கொழும்பிலிருந்து வந்த தொப்பிக்காரர்கள். நாங்கள் எதிர்ப்பக்க வளைவில், வேலிக்கு வெளியே. சித்திரை வருசப்பிறப்புக்குத் தைத்த சட்டையோடு தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து நடந்தே வருவோம். உன் தாத்தா டிக்கெட்டுக்கெல்லாம் காசு கொடுக்கிற ஆளா?

முதலில் ஒன்றும் தெரியாது. காலுக்கடியில் நிலம் மட்டும் அதிரும். அப்புறம்தான் சத்தம். ஜொக்கிகளின் கலர் சட்டைகளும் வேர்வை நாற்றமும் ஒரே வீச்சில் வந்து போய்விடும். கொஞ்சம் கழித்து ஸ்டாண்டில் கூச்சல் எழும். யார் ஜெயித்தது என்று கேட்டால் நிலக்கடலை விற்கிற கச்சான்காரர் ஒரு பெயர் சொல்வார், ஐஸ்கிரீம்காரர் வேறொன்று சொல்வார். எனக்கு எது பிடித்ததோ அதைத்தான் லயத்தில் போய்ச் சொல்வேன்.

1875-இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய ரேஸ் அது. கொழும்பு வெயிலுக்குத் தப்பி ஏப்ரலில் மலையேறிய துரைமாருக்குப் பொழுதுபோக வேண்டுமே. அவர்கள் போன பிறகும் 'ஆளுநர் கிண்ணம்' என்ற பெயர் போகவில்லை. கடலிலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே காற்று மெலிது. கீழேயிருந்து வந்த குதிரைகள் எங்கள் வளைவில் இரைக்கிற இரைப்பைக் கேட்டால், கொழுந்து மூட்டையோடு மேடு ஏறும் உன் அப்பாயியின் மூச்சுத்தான் எனக்கு ஞாபகம் வரும். அதற்குக் கை தட்டத்தான் ஆளில்லை.

ஒரு வருசம் குளம்படியில் பெயர்ந்த மண்கட்டி ஒன்று வேலியைத் தாண்டி வந்து என் கன்னத்தில் அடித்தது. உள்ளங்கை அளவு, பச்சைப் புல்லோடு. வலித்தது, ஆனால் அழவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள், அது போதாதா? அதைச் சட்டைப் பையில் போட்டு வந்து தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை ஓரம் நட்டேன். "ரேஸ் புல்லு" என்று சொல்லி, தொட்டுப் பார்க்க ஆளுக்கு ஒரு கச்சான் வாங்கினேன். ஒரு மாதம் நன்றாகத்தான் வளர்ந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாயி லீக்ஸ் பாத்தி கொத்தப் போனவள், களையென்று நினைத்து அதையும் சேர்த்துப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டாள்.

அப்பா