தாயைக் கொல்ல எங்களை அனுப்பியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பாத்திரமேற்று, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுகளின் (ஆர்பிஜி) நூல்களை எழுதியும் பதிப்பித்தும் வரும் வடிவமைப்பாளர்களுக்கு,

வணக்கம். ஸ்பானியருக்கு முன் மெக்சிகோவில் ஆண்ட ஆஸ்டெக் மக்களின் தெய்வங்களைக் கடைசிக் கட்டத்தில் வீழ்த்த வேண்டிய பெரிய எதிரிகளாக, அதாவது பாஸ்களாக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்காக 1980-இல் வந்த தெய்வத் தொகுப்பிலேயே குவெட்சால்கோவாட்டுக்கும் டெஸ்கட்லிபோகாவுக்கும் ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) குறிக்கப்பட்டுவிட்டது. அதே நூலில் எங்கள் காளிக்கும் குறிக்கப்பட்டது. ஆகவே பழங்கதையை விட்டுவிட்டு, சென்ற மாதம் எங்கள் வீட்டு மேசையில் நடந்ததைச் சொல்கிறேன்.

உங்களில் ஒருவர் எழுதிய நூலை நம்பி, ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் ஐந்து பேருக்கு நான் கதையை நடத்தும் கேம் மாஸ்டராக இருந்து ஒரு நெடுங்கதையை நடத்தினேன். அதன் முடிவில் நின்றவள் கோவாட்லிக்குவே. நூலில் அவளுக்கு ஹிட் பாயிண்ட் இருந்தது, கவச எண் இருந்தது, நஞ்சுத் தாக்குதல் இருந்தது, அவள் இறந்தபின் கழுத்து மாலைக்கு எத்தனை பொற்காசு என்ற கணக்கும் இருந்தது. அவளைப் பற்றி இருந்ததோ ‘தெய்வங்களின் தாய்’ என்ற ஒரே வரி. இரவு பத்தரை மணிக்கு அவளைக் கொன்றோம். எல்லோரும் ஆரவாரித்துக்கொண்டிருந்தபோது, பூசாரிப் பாத்திரம் ஏற்றிருந்த என் அக்கா மகள் பகடையைக் கீழே வைத்துவிட்டு, “சித்தி, இவங்க யாரோட அம்மா?” என்று கேட்டாள். நூலை முன்னும் பின்னும் புரட்டினேன், விடை இல்லை. ஆறு மாதம் கதை சொன்ன நான் ஒரு பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அந்தக் கழுத்து மாலையில் தன் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்துபோனாள்.

விடையைத் தேடிப் படித்தபோதுதான் என் வருத்தம் கோபமாக மாறியது. 1577 வாக்கில் நிறைவுற்ற, ஸ்பானியத் துறவி பெர்னார்டினோ டி சஹகூன், மெக்சிகோவின் பூர்வகுடிகளான நாவா மக்களின் அறிஞர்களுடன் சேர்ந்து அவர்களது நவாட்டில் மொழியிலும் ஸ்பானியத்திலும் தொகுத்த பன்னிரண்டு நூல்களில், மூன்றாவதில் அவள் கதை இருக்கிறது. கோவாட்டெபெக் என்னும் பாம்பு மலையில் அவள் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். வானிலிருந்து விழுந்த இறகுப் பந்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள்; கருவுறுகிறாள். இது குலத்துக்கு அவமானம் என்று மகள் கொயோல்ஷௌக்கி தன் நானூறு சகோதரர்களையும் திரட்டிக்கொண்டு தாயைக் கொல்லப் புறப்படுகிறாள். வயிற்றுக்குள்ளிருந்தே, பிறக்கப்போகும் மகன் விட்சிலோபோச்ட்லி, “அஞ்சாதே” என்று தாயைத் தேற்றுகிறான். அந்த நானூறு பேரில் ஒருவனான குவாவிட்லிகாக் மனம் மாறி, படை எங்கே வருகிறது என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறான்: சோம்பான்டிட்லானுக்கு வந்துவிட்டார்கள், கோவாஷால்பானுக்கு வந்துவிட்டார்கள், அபெட்லாக்குக்கு வந்துவிட்டார்கள், சரிவில் ஏறுகிறார்கள், உச்சியை எட்டிவிட்டார்கள். அந்தக் கணத்தில் விட்சிலோபோச்ட்லி ஆயுதத்தோடு பிறந்து தாயைக் காக்கிறான்.

அப்படியானால் எங்கள் ஐவரையும் எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்? தாயைக் கொல்ல மலையேறிய அந்த நானூறு பேரின் இடத்தில். அது எங்களுக்குத் தெரியாது. அப்படி ஒரு தெரிவு இருந்தது என்றுகூட எங்களிடம் சொல்லப்படவில்லை. கதையில் காக்கப்பட வேண்டியவளை நீங்கள் வீழ்த்தப்பட வேண்டியவளாக எழுதினீர்கள்.

கேம் மாஸ்டர் என்ற முறையில் எனக்கு இன்னொரு வேதனையும் உண்டு. மேலே சொன்ன ஐந்து நிலைகளை மறுபடி பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் எதிரி ஒரு படி நெருங்குகிறான், உள்ளிருந்து ஒருவன் தகவல் தருகிறான், குழந்தை பிறக்கும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். இதைவிட நல்ல மோதலை எந்த வடிவமைப்பாளர் எழுதிவிட முடியும்? பாஸ் வேண்டுமென்றால் கொயோல்ஷௌக்கி இருக்கிறாள். பாதாளத்தை ஆளும் மிக்ட்லான்டெகுட்லிக்கும் உங்கள் நூல்களில் கோவாட்லிக்குவேயின் கதிதான். முன்னோரின் எலும்புகளைக் கேட்டுப் பாதாளத்துக்கு வந்த குவெட்சால்கோவாட்டிடம் துளையில்லாத சங்கைக் கொடுத்து ஊதச் சொல்கிறான் அவன். புழுக்கள் துளையிட, தேனீக்கள் உள்ளே புகுந்து ஒலியெழுப்புகின்றன. வாள் எடுக்காமல் வெல்ல வேண்டிய அந்த மரண தெய்வத்தை வெறும் எலும்புக்கூட்டு அரக்கனாக்கி வெட்டச் சொல்கிறீர்கள்.

எனவே என் கோரிக்கை ஒன்றே: ஒரு தெய்வத்துக்கு ஹிட் பாயிண்ட் எழுதும் முன், அந்தத் தெய்வத்தின் கதையை அதே பக்கத்தில் அச்சிடுங்கள், மோதலை அந்தக் கதையிலிருந்தே அமையுங்கள்.

உங்கள் அட்டைப்படங்களில் ஆஸ்டெக் கோயில்கள் ஏன் எப்போதும் அடர்காட்டுக்குள் கொடி படர்ந்து கிடக்கின்றன என்பதும் எனக்கு விளங்கவில்லை. ஆஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லான் கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேல், ஏரி நடுவே, நீண்ட கல்பாதைகளால் கரையோடு இணைக்கப்பட்டிருந்த மாநகரம். மாயா கோபுரத்தையும் இன்கா தங்கத்தையும் மெஷிக்கா (ஆஸ்டெக்) தெய்வத்தையும் ஒரே படத்தில் கலந்து வைப்பவர்கள், ஐரோப்பியக் கோட்டை ஒன்றை வரையும்போது மட்டும் நூற்றாண்டு பிசகாமல் வரைகிறார்கள். அந்த அக்கறை உங்களிடம் இல்லாமலில்லை. இந்த மக்களுக்கு அது வந்து சேரவில்லை. நவாட்டில் பேசுவோர் இன்றும் மெக்சிகோவில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

1790 ஆகஸ்டில் மெக்சிகோ நகரச் சதுக்கத்தில் கோவாட்லிக்குவேயின் இரண்டரை மீட்டர் உயரக் கற்சிலை மண்ணிலிருந்து வெளிப்பட்டது. பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்ட அதற்கு மக்கள் பூவும் மெழுகுவத்தியும் கொண்டுவரத் தொடங்கியதால், அதை மீண்டும் புதைத்தார்கள். ஸ்பானியர் நகரைப் பிடித்து இருநூற்றெழுபது ஆண்டுகள் ஆகியும் பூ கிடைத்தவள் அவள். அவள் மாலைக்குத்தான் உங்கள் நூல் பொற்காசில் விலை போட்டிருக்கிறது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். இந்த விளையாட்டின் மேல் உள்ள பற்றினால்தான் எழுதுகிறேன். தெய்வங்களை விளையாட்டிலிருந்து நீக்கச் சொல்லவில்லை. அடுத்த பதிப்பில் அவர்கள் கதையை அவர்கள் பக்கத்திலேயே அச்சிடுங்கள், நாவா மக்களில் அறிந்தவர்களுக்கு ஊதியம் கொடுத்து அதைச் சரிபார்க்கச் செய்யுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை காத்திருக்க முடியாததால், அந்தக் கடைசிக் காட்சியை நானே திருத்தி எழுதிவிட்டேன். வரும் சனிக்கிழமை ஐவரும் மலையுச்சியில் தாயின் பக்கம் நிற்பார்கள். அக்கா மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

மதிப்புடன்,
உங்கள் நூல்களை வாங்கி வரும் ஒரு கேம் மாஸ்டர்