திருகு குமிழையும் பொத்தானையும் விட்டுவிடாதீர்கள்

கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் கிரைண்டர், பம்ப், மின்ஸ்கூட்டர், எந்திர உதிரிபாகம் என்று ஏதாவது ஒன்றை வரைந்து, வார்த்து, கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் வடிவமைப்பாளர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

நான் பொறியியல் படித்தவன் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன். ஆனால் புதுசாக ஒரு பொருள் வந்தால் அதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. கார் என்றால் கதவைச் சாத்திச் சத்தம் கேட்பேன். ஃபேன் என்றால் ரெகுலேட்டரைத் திருகிப் பார்ப்பேன். இருபது வருடமாக இதே பழக்கம். அந்த உரிமையில்தான், பொத்தானை எடுத்துவிட்டுத் தொடுதிரை வைப்பதைப் பற்றி எழுதுகிறேன்.

போன ஐப்பசி மழையில் மச்சானின் புதுக் காரை நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். கோவை கோல்ட்வின்ஸ் பக்கம் ஜி.டி.நாயுடு மேம்பாலம் ஏறியதும் முன்கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்துவிட்டது. என் பழைய காரில் அதற்கு ஒரு திருகு உண்டு. கண் ரோட்டில் இருக்கும், இடது கை தானாகப் போய்த் திருப்பிவிடும். இந்தக் காரில் திரையைத் தொட்டு, ஏசி படத்தைத் தேடி, அதற்குள்ளே இன்னொரு பக்கத்தைத் திறக்க வேண்டும். “ஏனுங் மச்சான், அது எங்கீங்க இருக்குது?” என்றேன். “இருங்க மாப்ள, எனக்கே இன்னும் பிடிபடலீங்க” என்று அவரும் திரையைத் தடவினார். பின்சீட்டில் குழந்தைகள். முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் கலங்கலாகத் தெரிந்தது. நினைத்த இடத்தில் கீழே இறங்க முடியாத பத்து கிலோமீட்டர் பாலம் அது. அன்றைக்கு என் கை நடுங்கியது உண்மை.

அந்தக் காரின் அழகில் நான் குறை சொல்லமாட்டேன். முன்பக்கம் விளக்கை ஒரே கோடாக இழுத்திருக்கும் விதம் பிரமாதம். இருக்கையின் தையல் நூல்கூட எண்ணி வைத்ததுபோல இருக்கிறது. இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள், ஓட்டுகிறவன் கையை மட்டும் எப்படி மறந்தார்கள்?

ஸ்வீடனில் ஒரு வாகன இதழ் 2022-இல் இதை அளந்தே பார்த்தது. 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஏசி, ரேடியோ மாதிரி நான்கு சாதாரண வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பொத்தான் வைத்த 2005-ஆம் வருடத்து வோல்வோவில் பத்தே வினாடி. அதற்குள் வண்டி 306 மீட்டர் போயிருந்தது. திரையை நம்பிய புதுக் கார்களில் மிக மோசமானதற்கு 45 வினாடி ஆயிற்று. அதற்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓடிவிட்டது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் போடும் யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்கு நிஜமான பொத்தானோ தண்டோ இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஃபோக்ஸ்வாகனும் பொத்தான்களைத் திரும்பக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டது. அவர்கள் திரும்பி வரும் நேரத்தில் நாம் அந்தப் பக்கம் கிளம்பிப் போக வேண்டாம் என்பதுதான் என் மன்றாட்டு.

கிரைண்டரில் நாம் கிளம்பிவிட்டோம். 1955-இல் பி.சபாபதி இந்தக் கோவையில்தான் மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரைச் செய்தார். இன்றைக்கு அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து தோள் வலிக்க ஆட்டிய பெண்களின் உடம்பை யோசித்துச் செய்த பொருள் அது. போன மாதம் கடையில் பார்த்த ஒரு புது மாடலில் சுவிட்சே இல்லை. வழவழவென்று கண்ணாடித் தகடு, அதில் விரல் வைத்தால் ஓடும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். “உளுந்து தள்ளிவிட்ட கையோட இதத் தொட்டா கேக்குமா சாமி?” என்று கேட்டார்கள். கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கி விரலை நனைத்துத் தொட்டுப் பார்த்தேன். ஒரு தடவை கேட்டது, இரண்டு தடவை கேட்கவில்லை. அந்தத் தகடு விரலின் மின்னூட்டத்தை உணர்ந்து வேலை செய்கிறது. ஈரமும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் எது விரல், எது தண்ணீர் என்று அது குழம்பிப்போகிறது. மாவுக்கை படாத கிரைண்டர் எந்த வீட்டில் இருக்கிறது சொல்லுங்கள். முழங்கையால் தட்டினாலும் நிற்கிற பழைய சுவிட்சை எடுத்துவிட்டு இதை வைக்க எப்படி மனம் வந்தது?

புதுசே வேண்டாம் என்கிற ஆள் நானில்லை. 75 வாட் இழுத்த சீலிங் ஃபேனை முப்பது வாட்டுக்குள் சுற்றவைத்த பிஎல்டிசி என்கிற புதுவகை மோட்டாரைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டேன். எல்லாப் போனுக்கும் ஒரே டைப்-சி சார்ஜர் என்று ஆனதும் நல்ல காரியம். (படுக்கையறையில் சார்ஜரில் எரிந்து கண்ணைக் குத்தும் அந்த நீல விளக்கை மட்டும் யாராவது நிறுத்துங்கள்.)

எங்கள் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். முன்பெல்லாம் தையல் மெஷினுக்குக் கீழே பெரிய கிளட்ச் மோட்டார் தொங்கும். தைத்தாலும் தைக்காவிட்டாலும் உறுமிக்கொண்டே இருக்கும். இப்போது மோட்டார் மெஷினின் தலையிலேயே இருக்கிறது, மிதித்தால்தான் ஓடுகிறது. தையல் பகுதியில் பேசுகிற பேச்சு காதில் விழுகிறது. ஆனால் முழங்காலால் தள்ளினால் துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்துகால் எழும்பும் அந்த ஏற்பாட்டை யாரும் தொடவில்லை. இரண்டு கையும் துணியை விடவேண்டியதே இல்லை. அதற்கும் மேலே, தைத்து முடித்ததும் குதிகாலால் பெடலைப் பின்னுக்கு அழுத்தினால் நூலும் அறுந்துவிடுகிறது. முன்பு ஒவ்வொரு தடவையும் கத்தரியை எடுத்து வைக்கிற வேலை அது. சின்னத் திரை ஒன்றும் அந்த மெஷினில் உண்டு. தையல் நீளத்தை மாற்றத்தான் அது, காலையில் ஒரு தடவை தொட்டால் சரி. அடிக்கடி செய்வதைக் காலுக்கும் முழங்காலுக்கும் கொடுத்துவிட்டு, எப்போதாவது செய்வதைத் திரைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதை வரைந்தவரைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டு வருவேன்.

எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியையும் அப்படித்தான் மதிக்கிறேன். பச்சைப் பொத்தான் வளையத்துக்குள் உள்ளடங்கி இருக்கும், சிவப்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். தெரியாமல் கை பட்டு மோட்டார் ஓடிவிடக் கூடாது, ஆபத்தில் கையை வீசினாலே நின்றுவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. கண்ணில் புரை விழுந்த எங்கள் அப்பாரு நடுராத்திரியில் தடவியே இரண்டையும் பிரித்து அறிவார். த்ரீ பேஸ் கரண்ட் எந்நேரம் வந்தாலும் வரப்பில் பாம்புக்குப் பயந்து நடக்க வேண்டாமென்று செல்போனிலிருந்தே ஓடவைக்கும் கருவியை இப்போது மாட்டியிருக்கிறோம். அது பழைய பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. பச்சையும் சிவப்பும் அதே இடத்தில் இருக்கின்றன. டவர் கிடைக்காத நாளில் அப்பாரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

இந்த ஊரில் மின்மோட்டாரும் சவரக் கருவியும் செய்து காட்டிய ஜி.டி.நாயுடு இருந்தார். மாருதி எஞ்சினைப் போட்டுப் பந்தயக் கார் கட்டிய கரிவரதன் இருந்தார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் பந்தயத் தடமே இருக்கிறது. வெளியூர் போனின் முகத்தைப் பார்த்துக் கிரைண்டருக்கு முகம் வரைய வேண்டிய நிலைமை உங்களுக்கு இல்லை.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். அடுத்த கிரைண்டரை முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு அம்மாவைக் கூப்பிட்டு மாவுக்கையோடு இயக்கச் சொல்லுங்கள். அடுத்த ஸ்கூட்டரை மழையில் உறை மாட்டிய கையோடு ஓட்டிப் பாருங்கள். பம்ப் பெட்டியை விளக்கை அணைத்துவிட்டு ஓடவிட்டு நிறுத்துங்கள். இருட்டும் ஈரமும் உங்கள் பட்டறையில் கிடைக்காது என்றால் எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள். அவிநாசியிலிருந்து பக்கம்தான். ராத்திரி கரண்ட் வரும் நேரத்துக்கு அப்பாரு முழித்திருப்பார், மோட்டார் ரூம் வரைக்கும் அவரே கூட்டிப்போவார்.

அன்புடன்,
திருப்பூர் பனியன் கம்பெனிக் கணக்கர் ஒருவர்