இருட்டுவதற்குள் வந்துவிடு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய், நல்லது. "அறுபது தாண்டியவன் தாளவாடி மலையில் போய் உட்கார்ந்திருக்கிறாயே, ராத்திரி நெஞ்சு வலித்தால் என்னடா செய்வாய்?" என்று கேட்டிருந்தாயே, அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் போன மாதம் நடந்ததுதான் முன்னால் வந்து நிற்கிறது.

பக்கத்துத் தோட்டக்காரர் முட்டைக்கோஸுக்குத் தண்ணீர் கட்டப் போனார். இங்கே மோட்டார் ஓட வேண்டிய மும்முனை கரண்ட் பாதி நாள் ராத்திரியில்தான் வரும். பாம்பும் அப்போதுதான் வரப்பில் கிடக்கும். பதினோரு மணிக்குக் கணுக்காலில் கடி. 108-ஐக் கூப்பிட்டால், வண்டி பிரசவக் கேஸை ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலத்துக்கு இறங்கியிருக்கிறதாம். வழியில் திம்பம் மலைச்சாலையில் 27 கொண்டை ஊசி வளைவு. நடுவில் யானை நின்றால் அது தனிக் கணக்கு. 2022-இலிருந்து அந்தச் சாலையில் ராத்திரி வண்டிகளுக்குத் தடை. ஆம்புலன்ஸை விடுவார்கள்தான், விடுவதற்கு ஆம்புலன்ஸ் வேண்டுமே!

காய் ஏற்றும் பிக்கப்பில் படுக்கவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். டாக்டர் இல்லை. ஒரே ஒரு நர்ஸ், என் மகள் வயது. டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, அசையாமல் நிறுத்தினாள். 20 நிமிடம். கடிபட்டவரின் சம்சாரம்கூட அழுகையை நிறுத்திவிட்டுக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சாய்த்தாள். தண்ணீர் மாதிரி ஓடியது. உறையவில்லை என்றால் விரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். பிரிட்ஜிலிருந்து 10 குப்பி விஷமுறிவு மருந்தை எடுத்துக் கரைத்து, சலைனில் ஏற்றினாள். அந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். அதற்கான ஊசியையும் பக்கத்தில் தயாராக வைத்திருந்தாள். அதற்குப் பயந்து, மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்று சீட்டு எழுதுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

விடியற்காலையில் சாம்ராஜ்நகர் கொண்டுபோனோம். மாநிலம் வேறானாலும் எங்களுக்கு அதுதான் பக்கம், மலை இறங்க வேண்டியதில்லை. மனிதர் தேறிவிட்டார். கால் வீக்கம்தான் இன்னும் முழுசாக வடியவில்லை.

சாலை வேண்டும், வண்டி வேண்டும் என்று வருஷாவருஷம் மனு கொடுக்கிறோம். இந்த முறை, அந்தப் பெண்ணுக்கு ராத்திரித் துணைக்கு இன்னொருவரைப் போடச் சொல்லி எழுதினேன். அன்றைக்கு அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன். நடுங்கிய கையோடுதான் செய்து முடித்தாள்.

சரி, உன் நெஞ்சு வலிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை மாப்ளே. சட்டைப் பையில் சார்பிட்ரேட் மாத்திரை இருக்கிறது, அவ்வளவுதான்.

தை மாதம் வருகிறாய் அல்லவா? இருட்டுவதற்குள் மலையடிவாரத்துப் பண்ணாரியைத் தாண்டிவிடு. வரும்போது ஒன்பதாம் நம்பர் கம்பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வா. பக்கத்துத் தோட்டக்காரர் மறுபடி ராத்திரித் தண்ணீர் கட்ட ஆரம்பித்துவிட்டார், அதுவும் வெறுங்காலோடு.

உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்