தபால்காரர் அம்மாவைக் கூப்பிட்ட நாள்

வீடில்லாதவர்களுக்கான இல்லத்தில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு வணக்கம்.

அம்மாவின் அடையாள அட்டை பதிவுத் தபாலில் வந்துவிட்டது என்று நேற்று நீங்கள் போன் எடுத்தபோது, நான் கொழும்புப் புறக்கோட்டையில் சீனி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். தோளில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னடா என்றார் முதலாளி. அம்மாவுக்கு ஐடென்டி வந்துவிட்டது என்றேன். அதற்கு எதற்கு இவன் கண்ணைத் துடைக்கிறான் என்று அவருக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும். ஆறப்போட்டால் எழுதமாட்டேன் என்பதால் இன்றைக்கே எழுதுகிறேன்.

நடந்ததை மறுபடி சொல்லப் போவதில்லை. டித்வா புயல் இலங்கையின் மலைநாட்டை என்ன செய்தது என்று இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். சரிந்த மண் எங்கள் லயத்தை, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளை, எடுத்துக்கொண்டு ஆட்களை விட்டுவிட்டது. மீரியபெத்தை எங்களுக்குத் தூரமில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் அங்கே மண் சரிந்து லயங்களை மூடியதை மறக்காத கிழவிகள் இருந்ததால், சுவரில் கோடு விழுந்ததுமே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். ரயில் பாதை அறுந்து, ரோடு அடைபட்டு, நான் கொழும்பில் போனை வைத்துக்கொண்டு நின்ற அந்த நான்கு நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

நன்றி சொல்லவேண்டியவர்கள் நிறையப் பேர். மண்டபத்தைத் திறந்துவிட்டு, தன் பாயையும் கொடுத்த பன்சலை ஹாமதுரு, பௌத்த விகாரைப் பிக்கு. பள்ளிவாசலிலிருந்து சோற்றுப் பார்சல் கொண்டுவந்த பையன்கள். கால் வீங்கிய அம்மாவை ஆற்று மேட்டில் முதுகில் சுமந்துபோன, பெயர் தெரியாத தம்பி. வகுப்பறைகளைப் பூட்டாமல் விட்ட அதிபர். இரண்டு மாதச் சம்பளத்தைக் கேட்காமலே முன்பணமாகத் தந்த என் முதலாளி. ஆளாளுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும், முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பள்ளிக்கூடம் திறக்கவேண்டும் என்றார்கள். அது நியாயம்தான். மற்றவர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். அம்மாவுக்குப் போக இடமில்லை. நான் இருப்பது கடை மேல்மாடியில், ஐந்து ஆம்பிளைகளோடு. அப்போதுதான் யாரோ உங்கள் இல்லத்தைச் சொன்னார்கள்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பிடிக்கவில்லை. அது பஸ் ஸ்டாண்டில் படுக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வைக்கிற இடம் என்று ஊரில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது, விடியற்காலை பஸ் ஸ்டாண்ட் வாங்கில் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பவர்களைப் பார்க்காத மாதிரி நடந்திருக்கிறேன். அவர்களும் ஒரு காலத்தில் எங்களைப் போலக் கொழுந்துக் கூடை சுமந்தவர்கள், மலை வெட்டியவர்கள் என்று அம்மா சொல்லித்தான் தெரியும். லயத்தில் நாங்கள் இருக்கிற காம்பரா, அந்த ஒற்றை அறை, தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் தோட்டத்து வேலைக்குப் போக ஆள் இல்லை என்றால் அந்தக் காம்பராவுக்கு என்ன பேச்சு வரும் என்று எங்களுக்குத் தெரியாதா?

முதல் ராத்திரி பதிவுப் புத்தகத்தில் எழுதினீர்கள். அம்மா பெயர் சொன்னார், வயது சொன்னார். விலாசம் கேட்டதும் வாய் திறக்கவில்லையாம். கொஞ்ச நேரம் கழித்து, "மேல் டிவிசன், ஆறாம் லயம், நாலாம் காம்பரா" என்றாராம். அது மண்ணுக்குள் கிடந்தது. முன்மேசையில் இருந்த தங்கச்சி அதையும் எழுதிவிட்டு, பக்கத்திலேயே இல்லத்தின் இலக்கம், தெரு, ஊர் எல்லாம் எழுதினார். அதை ஒரு துண்டுக் கடதாசியிலும் எழுதிக் கிழித்து, இரண்டு தடவை வாசித்துக் காட்டிக் கையில் கொடுத்தார். "இனி யார் கேட்டாலும் இதச் சொல்லுங்கம்மா." அம்மா அதை மஞ்சள் கயிற்றோடு சேர்த்து முடிந்து வைத்துக்கொண்டார்.

தங்கச்சி, பெயர் போடவேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் போடவில்லை. ஆனால் அடுத்து நீங்கள் செய்ததைச் சொல்லாமல் விடமுடியாது.

ஒரு வாரம் கழித்து எனக்குப் போன் எடுத்தீர்கள். "அண்ணே, அம்மாவுக்கு ஒரு கடிதம் போடுங்க." நான்தான் தினமும் போனில் பேசுகிறேனே என்றேன். "பேசுங்க. கடிதமும் போடுங்க. விசயம் ஒண்ணும் இல்லாட்டியும் பரவாயில்ல. கவர்ல பேர மட்டும் முழுசா எழுதுங்க." அலுவலகத்துக்கு ஏதோ அத்தாட்சி தேவைப்படுகிறது என்று நினைத்தேன். 50 ரூபா முத்திரை ஒட்டி, நான்கு வரி எழுதிப் போட்டேன். சாப்பிட்டீர்களா, கால் வலி எப்படி, இங்கே மழை இல்லை. வேறு என்ன எழுதுவது? கடைசியாக எப்போது கடிதம் எழுதினேன் என்றே ஞாபகம் இல்லை.

கடிதம் வந்த அன்று நீங்கள் அதை வாங்கவில்லையாம். "நீங்களே கூப்பிட்டுக் கொடுங்க" என்று தபால்காரரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவரும் வாசலில் நின்று அம்மாவின் முழுப் பெயரையும் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். குசினியில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்த அம்மா, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டாராம். மூன்றாம் தரம்தான் எழுந்து, மாக்கையோடு போய் வாங்கினார். வாசிக்கத் தெரியாது. கவரில் எது தன் பெயர் என்று உங்களிடம் கேட்டு, அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தாராம். விரல் பட்ட இடத்தில் மா ஒட்டிக்கிடந்தது. அந்தக் கவரை இன்னும் வைத்திருக்கிறார்.

அம்மாவுக்கு 61 வயது. பிறந்ததிலிருந்து லயத்தில் இருந்தவர். செக்ரோலில், தோட்டத்து வேலையாட்களின் பதிவேட்டில், நம்பர் இருந்தது, தன் பெயருக்கு ஒரு கடிதம் நேராகக் கையில் வந்ததில்லை. தோட்டத்துக்கு வருகிற தபால் எல்லாம் ஆபிசுக்குப் போகும். அங்கிருந்து யாராவது மலைக்கு வரும்போது கொண்டுவருவார்கள், வராமலும் இருப்பார்கள். ஏ.எல்., உயர்தரப் பரீட்சை, முடித்த வருடம் எனக்கு ஒரு நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தது. அது ஆபிசில் பதினொரு நாள் கிடந்து என் கைக்கு வந்தபோது, நேர்முகம் முடிந்து மூன்று நாள். இந்தச் சீனி மூட்டைக்கு நான் வந்த கதை அதுதான். யாரையும் திட்டி என்ன, போனது போனதுதான். மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களோடு கடைசி நாள் நானும் சேர்ந்துகொண்டு காணி, வீடு என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்த 200 வருடத்துக் கணக்கைக் கேட்டுப் போனவன், அம்மாவுக்கு ஒரு விலாசம் இல்லை என்பதை யோசித்ததே இல்லை. வீடு இல்லாதவர்களுக்கு என்று நடத்துகிற இடத்துக்குப் போய்த்தான் அது கிடைத்தது.

அப்புறம் புது அடையாள அட்டைக்காக நடந்ததெல்லாம் அலைச்சல். பொலிஸ் முறைப்பாடு, கிராம சேவகர், பிரதேச செயலகம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், சேமலாப நிதியில் ஒரு பெயர், பழைய அட்டையில் இன்னொரு பெயர். எழுதினவர் சிங்களத்தில் கேட்டபடி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு இடத்துக்கும் உங்களில் ஒருவர் கூடப் போனீர்கள். பஸ் காசுகூட வாங்கவில்லை. அம்மாவுக்கு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டீர்களாம், அதை நூறு தடவை சொல்லிவிட்டார். இப்போது வந்திருக்கிற அட்டையின் பின்பக்கத்தில் உங்கள் விலாசம் இருக்கிறது. இனிமேல் அந்த நிதிக் காசுக்கும் எழுதலாம். வீட்டுக்கு எப்போது என்று தெரியாது. மீரியபெத்தை ஆட்களுக்கு வீடு கையளித்தது 2016 ஒக்டோபரில். அதுவரை பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் மறைப்புக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். எங்களுக்கு எவ்வளவு நாளோ. அதுவரை அம்மா குசினியில் உங்களுக்கு ரொட்டி சுட்டுத் தருவார். கட்டச்சம்பலில் உறைப்பைக் குறைக்கச் சொல்லாதீர்கள், கேட்கமாட்டார்.

நான் பணமாகப் பெரிதாக ஒன்றும் தர முடியாது. ஆனால் ஒன்று செய்வேன். அம்மாவின் கவரைத் தினமும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற, பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த அந்தப் பெரியவர், "எனக்கும் இங்க வருமா?" என்று கேட்டாராமே. வரும். இனி ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை இரண்டு கடிதம் போடுவேன், ஒன்று அம்மாவுக்கு, ஒன்று அவருக்கு.

தங்கச்சி, அவருடைய முழுப் பெயரையும் அவரிடமே கேட்டு எனக்கு அனுப்புங்கள். எந்த 'ல', எந்த 'ள' என்று சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.