திருச்சியில செய்யிற டேங்க் கன்

ஆசிரியருக்கு வணக்கம். டேங்க் மேல இருக்கிற மெஷின்கன் பத்தி உங்க பேப்பர்ல வந்தத டீக்கடையில படிச்சுக்கிட்டு இருந்தேன், பக்கத்துல இருந்த அண்ணாச்சி இதெல்லாம் ரஷ்யாக்காரன் குடுக்கிறதுப்பான்னுட்டாரு. டிசைன் ரஷ்யாக்காரன்தான், ஆனா டி-72, டி-90 டேங்குல மேல நிக்கிற அந்த 12.7 எம்எம் கன்ன செய்யிறது நம்ம திருச்சி ஃபேக்டரி, 1966லயே வந்த ஃபேக்டரி, மதுர மாட்டுத்தாவணியில பஸ் ஏறுனா மூணு மணி நேரந்தான். நான் கப்பலூர்ல லேத் ஓட்டுறவன், 12.7ன்னா குண்டு போற குழாய், அதான் பேரலோட உள் அகலம், சரியா அரை இஞ்ச், அந்த சைஸுக்கு நீள கம்பியில நேரா ஓட்டை போட்டு உள்ள சுத்திச் சுத்தி வரி வேற வெட்டணும், ட்ரில் மயிரிழை சாஞ்சாலும் பீஸு ஸ்கிராப்புதான். டேங்க் போட்டோ மட்டும் போடாம அந்த பேரல் எப்படி செய்யிறாங்கன்னு ஒரு நாள் எழுதுங்க சார்.

– லேத் பட்டறை வாசகர், திருமங்கலம்