நொதிகளைக் குடித்து நிரப்ப முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று எங்கள் வீட்டுக்கு வந்த நாளிதழுக்குள் வண்ணத் துண்டறிக்கை ஒன்று செருகப்பட்டிருந்தது. 40 வயதைத் தாண்டினால் உடலில் ‘என்சைம்’, அதாவது நொதி, தீர்ந்துவிடும் என்றும், பழங்களை நொதிக்க வைத்துத் தயாரித்த பானத்தை வெறும் வயிற்றில் குடித்தால் அது மீண்டும் நிரம்பித் தொப்பை கரையும் என்றும் அதில் அச்சிட்டிருந்தார்கள். எங்கள் அடுக்ககத்தில் தனியாக வசிக்கும் மூதாட்டி ஒருவர் இதை நம்பி, ஓய்வூதியம் வந்த கையோடு இரண்டு பாட்டில் வாங்கிவிட்டார். நெடுங்காலம் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்தவள் நான். பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

நொதி என்பது தொட்டித் தண்ணீரைப் போல் இருப்பு வைக்கப்பட்டு, வயதாக ஆக வற்றிப்போகும் பொருள் அன்று. நம் செல்கள் அமினோ அமிலங்களைக் கோத்து அதை அன்றாடம் உருவாக்கிக்கொண்டே இருக்கின்றன. அனேகமாக எல்லா நொதிகளும் புரதங்களே. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வடிவில் மடிந்திருக்க, அந்த மடிப்பின் குழிவில் உரிய மூலக்கூறு வந்து பொருந்தும்போது வினை எளிதாகி நிகழ்கிறது. வினை முடிந்ததும் நொதி தேயாமல் அடுத்த மூலக்கூறுக்குத் தயாராகிறது. ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1894-இல் இதைப் பூட்டுக்கும் சாவிக்கும் ஒப்பிட்டார். நம் சிவப்பணுக்களில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியின் ஒரே மூலக்கூறு, ஒரு நொடியில் பல லட்சம் கரியமிலவாயு மூலக்கூறுகளை மாற்றிவிடுகிறது. அந்த வேகம் இல்லாவிட்டால் திசுக்களில் சேரும் கரியமிலவாயுவை இரத்தம் போதிய விரைவில் நுரையீரலுக்குக் கொண்டுசேர்க்க முடியாது.

வடிவம் குலைந்தால் நொதியின் வேலை நின்றுவிடும். இதை மாணவர்களுக்கு ஓர் உருளைக்கிழங்கைக் கொண்டே காட்டுவேன். மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பச்சைத் துண்டின் மேல் சில சொட்டு விட்டால், கிழங்கிலுள்ள கேட்டலேஸ் என்ற நொதி அதைப் பிரித்து, ஆக்சிஜன் வெண்ணுரையாகப் பொங்கும். வேகவைத்து ஆறவிட்ட துண்டின் மேல் விட்டால் சொட்டு அப்படியே வழிந்து ஓடும். சமைக்காத அன்னாசியிலுள்ள நொதி நாக்கை அரிப்பதும், அதே பழம் கேசரியில் வெந்தபின் அரிக்காததும் பெரும்பாலும் இதனால்தான்.

வெப்பம் செய்வதை அமிலமும் செய்யும். இரைப்பையின் கடும் அமிலத்தில் வேலை செய்யவே அமைந்தது, புரதத்தைச் செரிக்கும் பெப்சின் என்ற நம் நொதி. வெளியிலிருந்து வரும் நொதிகளில் பெரும்பாலானவை அங்கே குலைந்து, பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதத்தைப் போலவே செரிமானமாகிவிடும். தப்பிப் பிழைப்பவையும் உணவுப்பாதைக்குள் உள்ள உணவின் மீதுதான் செயல்பட முடியுமே தவிர, குடற்சுவரைக் கடந்து வயிற்றுக் கொழுப்பைத் தேடிப் போய்க் கரைப்பதில்லை.

நொதிக் குறைபாடு என்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் குறைந்தவர்களுக்குப் பால் குடித்தால் வயிறு உப்புகிறது. நாள்பட்ட கணைய அழற்சி தென்னிந்தியாவில் கணிசமாகக் காணப்படும் நோய். அதில் கணையம் நலிந்து, கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ் போதாமல் போகும்போது, உண்ட கொழுப்பு செரிக்காமல் மலத்தில் எண்ணெயாக வெளியேறி உடல் மெலிகிறது. இவர்களுக்கு மருத்துவர்கள் தரும் நொதி மருந்துகளில் பல, இரைப்பை அமிலம் தீண்டாதபடி மேற்பூச்சு இட்டவை. அத்தகைய காப்பு எதுவுமில்லாத பானம் என்ன செய்துவிடும்?

அந்த மூதாட்டிக்குச் சர்க்கரை நோய் உண்டு. பானத்தில் வெல்லம் சேர்ந்திருப்பதாகப் பாட்டிலிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. குடிக்கத் தொடங்கிய வாரத்தில் அவருடைய வெறும் வயிற்றுச் சர்க்கரை 210 காட்டியது. அதைக் காட்டிக்கொடுத்த சோதனைப் பட்டையிலும் குளுக்கோஸோடு வினைபுரிவது ஒரு நொதிதான் என்று சொன்னபோது, அவர் அந்தப் பட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நாளிதழ்களுக்குள் இத்தகைய துண்டறிக்கைகளைச் செருகக் கூடாது என்று முகவர்களுக்குத் தாங்கள் அறிவுறுத்த வேண்டும். கணைய நோய் குறித்து இரைப்பை-குடல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு விரிவாக எழுதச் செய்யவும் வேண்டுகிறேன். அந்த மூதாட்டி தலைப்புச் செய்தியிலிருந்து வரி விளம்பரம் வரை ஒன்று விடாமல் வாசிப்பவர். அவருக்கும் எளிதில் படிக்கும்படி எழுத்துகள் சற்றுப் பெரியனவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
பெரம்பூர், சென்னை.